இரவல் சளி

கொக்குவுக்கு இருமல் வந்தால் மெஷினைப் போட்டுவிடுவான்.

பஞ்சு அடிக்கிற மெஷின் அது. ஓட ஆரம்பித்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும், பக்கத்தில் நின்று கத்திப் பேசினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் புகுந்துகொண்டு, கட்டிதட்டிப்போன பழைய பஞ்சை மெஷினுக்குள் கொடுக்கிற சாக்கில் குனிந்து, விலா எலும்பு நோக இருமித் தீர்ப்பான். தீர்ந்ததும் வாயைத் துணியில் துடைத்து, துணியில் என்ன பட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து, மடித்து இடுப்பில் செருகிவிட்டு மெஷினை நிறுத்துவான். அடுப்படியில் இருக்கும் தங்கைக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? "எங்க அண்ணன் மாதிரி வேலை செய்ய ஆள் கிடைக்குமா? நேரம் காலம் பாக்காம மெஷினை ஓட்டுது" என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வாள்.

மெஷின் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கும் வித்தை வைத்திருந்தான். தாடையை நெஞ்சோடு அழுத்தி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மூச்சைப் பிடித்து, வருகிற இருமலை அப்படியே விழுங்கிவிடுவான். கண்ணில் தண்ணீர் முட்டும், தோள் ஒருதரம் குலுங்கும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் விக்கல் என்று நினைத்து, தண்ணீர் குடி என்பார்கள். ஜெயிலுக்குப் போய் வருகிறவன் என்னென்னவோ கற்றுக்கொண்டு வருகிறான். இவன் இதைக் கற்றுக்கொண்டு வந்தான்.

கொக்கு என்பதும் உள்ளே வைத்த பெயர்தான். நீளக் கால், நீளக் கழுத்து, எதைப் பார்த்தாலும் கழுத்தை முதலில் நீட்டுகிற பழக்கம். வாலிபத்தில் ஒரு வாய்த்தகராறில் ஒருத்தனைப் பிடித்துத் தள்ளினான். தள்ளப்பட்டவன் தலை படிக்கட்டில் மோதியது, மறுபடி அவன் எழுந்திருக்கவில்லை. அதற்கான தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு வெளியே வந்தபோது இவனுக்குத் தலை நரைத்திருந்தது, பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது தங்கை ஒருத்திதான். மனு போட்டு, வரிசையில் நின்று, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் வந்து பார்த்தவள்.

தங்கை புருஷன் மெத்தைக்காரர். முன்பக்கம் மெத்தைக் கடை, பின்பக்கம் வீடு. நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கொக்கு பையும் கையுமாக வாசலில் வந்து நின்ற அன்றைக்கே, உட்காரச் சொல்வதற்கு முன்னால், மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அண்ணன் இதே வீட்ல நெஞ்சுச் சீக்குல கிடந்துதான் செத்தான். கடைசி வரைக்கும் அந்த இருமலைக் கேட்டுட்டே இருந்தேன். உள்ள இருந்து வர்றவங்க நிறைய பேர் அந்தச் சீக்கோட வர்றாங்கன்னு சொல்றாங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே?"

"சேச்சே, என்ன மாப்பிள்ளை. டெஸ்ட் எடுத்துத்தான் வெளிய விட்டாங்க. சுத்தமா இருக்கு."

"அப்ப சரி. வாங்க, இது உங்க வீடு. ஆனா முகத்துக்கு நேரா சொல்லிடறேன், இருந்திருந்தா உள்ள விட்டிருக்க மாட்டேன். உங்க தங்கச்சி அழுதாலும் சரி."

கொக்கு சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டெஸ்ட் எடுத்தார்கள், சுத்தம் என்று வந்தது. டெஸ்டுக்குக் கொடுத்த கப்பில் இருந்த சளி இவனுடையது இல்லை என்பது மட்டும்தான் விஷயம்.

அது உள்ளே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. இருமுகிறவனைப் பிடித்தால் பிளாக்கின் கோடியில் இருக்கிற தனி ரூமில் போட்டுவிடுவார்கள். அங்கே போனவனுக்கு வேலை போச்சு, பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பது போச்சு, விடுதலைத் தேதி தள்ளிப்போச்சு. வைத்தியம் செய்யத்தானே கொண்டுபோகிறார்கள் என்பீர்கள். கதவில் இருந்த ஓட்டை வழியாக மாத்திரையை நீட்டுவார்கள், ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் ஸ்டாக் இல்லை என்பார்கள். அந்த ரூமிலிருந்து நடந்து வந்தவர்களைவிடத் தூக்கி வரப்பட்டவர்கள் அதிகம். அதனால் சளி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டால் போதும், சாதாரண ஜலதோஷம் பிடித்தவனுக்கு பிளாக்கில் ராஜ மரியாதை. வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கம்பவுண்டர் கப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எச்சில் யாருக்கு வேணும்? நெஞ்சுல இருந்து எடுடா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். கெட்டியாக, மஞ்சளாக, ஆனால் நோய் இல்லாத சளி வேண்டும். அது ஜலதோஷக்காரனிடம்தான் கிடைக்கும். கொக்குவின் முறை வந்தபோது பக்கத்துப் பாயில் படுத்திருந்த டைலருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டைலர் ஒரு பைசா வாங்கவில்லை, ஒரு பீடி கேட்கவில்லை. "நல்லபடியா வீடு போய்ச் சேருடா கொக்கு" என்று கப்பை நிறைத்துக் கொடுத்தான்.

இப்படித்தான் அவன் சுத்தமானான்.

கடையிலேயே அவனுக்குப் படுக்கை. தைத்து அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவில், ஜெயில் தரையில் முதுகு தேய்ந்தவனுக்கு அந்தப் படுக்கையே சொர்க்கம்தான், ஆனால் முதல் சில வாரம் மெத்தையில் தூக்கமே பிடிக்காமல் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டான். வேலை சீக்கிரம் பிடிபட்டது. பழைய மெத்தையைப் பிரிப்பது, பஞ்சை அடிப்பது, உறைக்குள் பஞ்சைத் திணித்து மூலை மூலையாகக் குத்திச் சமன் செய்வது, முழ நீள ஊசியால் மேலிருந்து கீழே கோத்து முடிச்சு இழுப்பது. நீளக் கைக்கு நல்ல வேலை. ஜன்னலை மட்டும் திறக்கக்கூடாது. திறந்தால் காற்றில் பஞ்சு பறந்து வீடெல்லாம், சோறெல்லாம் பஞ்சாகிவிடும். ஃபேனும் கிடையாது. அந்த மூடிய அறைக்குள்தான் கொக்கு மூச்சு விட்டான், இருமினான், சாயங்காலமானால் மருமகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தான்.

மருமகளுக்கு வாலு என்று பெயர் வைத்ததும் கொக்குதான். பதினொரு வயது, ஆனால் பேச்சு நாற்பது வயதுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குள் வந்து, அடித்துக் குவித்த பஞ்சில் தொப்பென்று விழுவாள்.

"மாமா, ஜெயில்ல கணக்கு டீச்சர் உண்டா?"

"இல்ல."

"அப்ப அதான் நல்ல இடம். எதுக்கு வெளிய வந்த?"

"உன் வாயைப் பாக்கத்தான்."

அவன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு அன்றைக்கு வகுப்பில் யார் யாரிடம் அடி வாங்கினார்கள் என்பதெல்லாம் சொல்வாள். இத்தனை வருஷத்தில் அவனை யாரும் தொட்டதில்லை, சோதனை போட்ட வார்டன்களைத் தவிர. இந்தப் பிள்ளை கூச்சமே இல்லாமல் அவன் மேல் ஏறி விழுந்தது. அவனுக்கு அழுகை அழுகையாக வரும். இதை விட்டுவிட்டு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுக்கா? அதற்காகத்தான் அந்த இருமலையெல்லாம் விழுங்கினான். வேறு எதற்கும் இல்லை.

பிள்ளைக்கு எதுவும் ஒட்டிவிடக்கூடாது என்கிற அக்கறையும் அவனுக்கு இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாவம். தட்டும் டம்ளரும் அவனுக்குத் தனி. அவனே கழுவுவான், வெந்நீர் ஊற்றிக் கழுவுவான். வாலு ஒருநாள் அவன் டம்ளரை எடுத்து வாயில் வைக்கப் போனபோது, கையைத் தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் சுவரில் போய் மோதியது. எச்சில் பட்டால்தான் ஒட்டும் என்று உள்ளே சொல்வார்கள். அதை வேதவாக்காக நம்பினான். காற்றைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மக்குப்பயலுக்கு யார் சொல்வது?

மழைக்காலம் முடிகிற சமயம் வாலுவுக்குச் சளி பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான், போகிற வழியாக இல்லை. தங்கை ஆவி பிடிக்க வைத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள், மெடிக்கலில் கேட்டு சிரப் வாங்கி ஊற்றினாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, கடைப் பக்கம் போகாதே என்று திட்டினாள். பிள்ளை கொஞ்சம் இளைத்தும் போனாள். "வளர்ற வயசு, உயரம் போடுது" என்று மெத்தைக்காரர் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் கொக்குவைத் தேடி வந்தாள். நல்லவேளையாக, அப்படித்தான் அவன் நினைத்தான், கடையில் அவன் மட்டும் இருந்தான். கணவனும் மனைவியும் ஒரு விடுதிக்கு மெத்தை இறக்கப் போயிருந்தார்கள்.

நர்ஸ் உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்தினாள். "ஏன் இப்படி எல்லா ஜன்னலையும் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"பஞ்சு பறக்கும்மா."

அவள் முகமூடியைச் சரிசெய்துகொண்டு, பக்குவமாக, தாழ்ந்த குரலில் பேசினாள். உங்களோட ஒரே ரூமில் டைலர் என்று ஒருத்தர் இருந்தாரா? இருந்தார். அவர் உங்களுக்குப் பிறகு விடுதலையாகி வந்தார். போன மாதம் நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அந்த மாதமே இறந்துவிட்டார். சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. அவரோடு படுத்திருந்தவர்களை எல்லாம் தேடித் தேடி டெஸ்ட் எடுக்கிறோம்.

கொக்கு மெத்தையில் உட்கார்ந்துவிட்டான். டைலரா? மூக்கு ஒழுகுவதைத் தவிர ஒரு குறையும் இல்லாத டைலரா? அவன் சளி சுத்தம் என்று இவன் பேரில் சீட்டே வந்ததே. அப்படியானால் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த தன்னிடமிருந்து வந்திருக்கிறது. இது அவனுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது.

"உங்களுக்கு இருமல் இருக்கா?"

"இல்லம்மா" என்றது வாய். வாய்க்கு அந்தப் பதில் பழகிப்போயிருந்தது.

"இல்லன்னாலும் குடுத்துடுங்க. நாளைக்குக் காலைல எழுந்ததும், எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி. எச்சில் வேண்டாம், நெஞ்சுல இருந்து எடுங்க. நானே வந்து வாங்கிக்கறேன்." ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்தாள். "வீட்ல நான் பேசட்டுமா?"

"வேணாம்மா. நான் சொல்லிக்கறேன்."

அன்று முழுக்க அவனுக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்தது. டைலருக்காக அழுதான். பிறகு தனக்காக அழுதான். எனக்கும் இருக்கிறது, இனி ஏமாற்றிப் பயனில்லை, வைத்தியம் பார்க்க வேண்டியதுதான் என்று தீர்மானித்தான். ஆனால் இங்கே வேண்டாம். நர்ஸ் இந்த வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டாம். இந்தக் கப்பை இப்போதைக்குச் சுத்தமாகக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் தூரத்து வேலை என்று சொல்லிவிட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். குணமாகித் திரும்பி வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பயந்தவன் மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். ஊரையே ஏமாற்றுகிற திட்டத்தைப் போட்டுவிட்டு, தானே அதை நல்ல முடிவு என்று நம்பவும் செய்தான்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. கெட்டியான ஜலதோஷச் சளிக்கு எங்கே போவது?

என்னத்தைச் சொல்ல. அடுத்த அறையில் வாலு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

காலையில் தங்கை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள், மெத்தைக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். கொக்கு பிள்ளையைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"வாலு, மாமாவுக்கு ஒரு உதவி பண்ணுவியா?"

"என்ன தருவ?"

"என்ன வேணும்னாலும்."

"அப்ப இந்த வாரக் கணக்கெல்லாம் நீயே போடணும்."

"சரி, போட்டுத் தர்றேன். இதுல துப்பு. சும்மா துப்பக்கூடாது. மூச்சை நல்லா இழு, இன்னும், பிடி, இப்ப அடிவயித்துல இருந்து இருமு."

சீ என்றாள், சிரித்தாள், பிறகு பரீட்சை எழுதுகிற முகத்தோடு மூச்சை இழுத்து இருமினாள். சின்ன நெஞ்சு. முதுகைத் தடவிக் கொடுத்தான். மூன்று நான்கு தரம் முயன்ற பிறகு வந்தது, கெட்டியாக, மஞ்சளாக. கம்பவுண்டரே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான், அப்படிப்பட்ட சளி. வாலுவுக்கு வேர்த்துவிட்டது, ஆனால் பெருமை தாங்கவில்லை.

"போதுமா மாமா?"

"என் தங்கம். போதும். அம்மா அப்பாகிட்ட மூச்சு விடாத."

நர்ஸ் வந்தாள், கப்பைத் தூக்கிப் பார்த்தாள், நல்ல சாம்பிள் என்றாள், வாங்கிக்கொண்டு போனாள். கொக்குவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்கச் சொன்னபடி வாலுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தான், பாதி தப்பு.

ரிசல்ட் வந்த அன்று வாலு பள்ளிக்கூடம் போயிருந்தாள். மெத்தைக்காரர் வாசலில் உறை வெட்டிக்கொண்டிருந்தார், தங்கை உள்ளே இருந்தாள். நர்ஸ் அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கொக்குவை மட்டும் கடைக்கோடிக்குக் கூப்பிட்டாள்.

"பயப்படாதீங்க. உங்க சளியில கிருமி இருக்கு. டைலருக்கு இருந்த அதே வகை."

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, நிஜமாகவே வந்தது. உள்ளே இத்தனை வருஷம் இருந்தவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான்: நம்மது இல்லை, நாம் தப்பித்தோம். அது என்னுடையது இல்லையே தாயே, தப்பாகப் பிடித்துவிட்டீர்கள் என்று மனசு குதித்தது.

பிறகுதான் அது யாருடையது என்கிற நினைப்பு வந்தது. அவன் மெஷினின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நர்ஸ் பேசிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது. இன்றைக்கே வந்துவிட வேண்டும். நீண்ட வைத்தியம், கடுமையான மருந்து, சிலருக்குக் காது மந்தமாகும், சிலருக்குக் குமட்டல் நிற்காது, ஆனால் விடாமல் எடுத்தால் பிழைக்கலாம். அதற்குள் தங்கை டீயோடு வந்து நின்றாள். மெத்தைக்காரரும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். இனி மறைக்க முடியாது என்று நர்ஸ் அவர்களுக்கும் சொன்னாள். மெத்தைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. தங்கை டீயைக் கீழே வைத்தாள்.

"பொண்ணுக்கு? எங்க பொண்ணுக்கு ஏதாவது..." என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"அவளுக்கு இருமல், காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

"சளிதாம்மா" என்றாள் தங்கை. "இந்தத் தூசியில வர்ற சளி. வேற ஒண்ணும் இல்ல. நல்லா ஓடி ஆடிட்டுத்தான் இருக்கா."

"அப்ப அவசரம் இல்ல. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல முகாம் போடறோம். அதுல எக்ஸ்ரே எடுத்துடலாம்."

கொக்கு அங்கேதான் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அடுத்த மாதம் எக்ஸ்ரேயில் பிள்ளைக்கு இருப்பது தெரியும், மாமனிடமிருந்து ஒட்டியது என்பார்கள், அதுவும் உண்மைதான். கப்பில் துப்பியது யார் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளையும் மூச்சு விடமாட்டாள், அவன் சொல்லி வைத்திருக்கிறான். ஒரு மாதம்தானே என்று நினைத்தான். அதே போல ஒரு மாதத்துக்குள்தான் டைலர் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பிணமாக வெளியே வந்திருந்தான்.

"அது என்னுது இல்ல" என்றான்.

நர்ஸ் பொறுமையாகத் தலையாட்டினாள். "முதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. மனசு ஏத்துக்காது. நான் வாங்கிட்டுப் போன கப்புதான், மாறல."

"கப்பு மாறல. சளிதான் என்னுது இல்ல."

"அண்ணே, என்ன பேசற நீ?"

"நான் துப்பல. எனக்குத் தனியா இருக்கும், ரொம்ப நாளா இருக்கு, அது வேற. இந்தக் கப்புல இருந்தது வாலுவோடது. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

மெத்தைக்காரர் கத்தரியை ஒரு மெத்தை மேல் வைத்தார். வைத்துவிட்டு, ஏதோ மறந்ததைச் செய்யப் போகிறவர் மாதிரி முதல் ஜன்னலிடம் போய்க் கொக்கியைத் தள்ளித் திறந்தார். அடுத்ததையும் திறந்தார். எல்லாவற்றையும் திறந்தார், துருப்பிடித்துத் திறக்காத ஒன்றைக் கையால் குத்தி உடைத்தார். காற்று உள்ளே புகுந்து, குவித்து வைத்த பஞ்சு அறை முழுக்க எழும்பியது. அப்படியே, காலில் செருப்பு இல்லாமல், கையில் ரத்தத்தோடு, பள்ளிக்கூடம் இருக்கிற திசையில் ஓடினார். கொக்குவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கைதான் கேட்டாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏன் அவகிட்ட கேட்ட?"

"அவளுக்குச் சளி இருந்துச்சு. சளி பிடிச்சவங்ககிட்டதான் வாங்குவோம்."

"வாங்குவோமா?"

"உள்ள அப்படித்தான்மா. நோய் இல்லாதவங்க சளி... அவளுது வெறும் ஜலதோஷம்னு நெனச்சேன். எம்மேல சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அவள். "தைலம் தேச்சேன். ராத்திரியெல்லாம் தேச்சேன். நீ பக்கத்துல இருந்து பாத்துட்டுத்தான் இருந்த. உனக்கு இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் பிள்ளையை மடியில போட்டுட்டு இருந்த."

"என்னை அனுப்பிடுவீங்கன்னு..."

"அனுப்பியிருப்போம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம். நான் வந்து பாத்திருப்பேன். இத்தனை வருஷம் வரலையா நான்?"

அந்த வழி ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை, பாவி. அனுப்புவது என்றால் அவனுக்குத் தெரிந்தது பிளாக் கோடியில் இருந்த அந்த ரூம்தான்.

நர்ஸ் முதலில் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். ஒரு படுக்கை இல்லை, இரண்டு, ஒன்று குழந்தைக்கு என்றாள். வண்டி அனுப்பச் சொன்னாள். பிறகு பையிலிருந்து இன்னொரு கப்பை எடுத்தாள். "உங்களோடது எனக்கு இப்ப வேணும். எந்த மருந்து கேக்கும், எது கேக்காதுன்னு உங்க சளியைப் பாத்தாதான் முழுசா தெரியும். குழந்தைக்கு மருந்து முடிவு பண்ணவும் அது உதவும். கொல்லைக்கு வாங்க. என் கண்ணு முன்னாடி குடுங்க."

கொல்லையில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் நின்றான். நர்ஸ் தள்ளி நின்றாள். தங்கை தள்ளி நிற்கவில்லை. நர்ஸ் கொடுத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள்.

கப்பை வாயருகில் பிடித்து மூச்சை இழுத்தான். இருமல் நெஞ்சில் கிளம்பி மேலே வந்தது. வந்ததும் தாடை தானாக நெஞ்சோடு அழுந்தியது, நாக்கு மேலே ஒட்டியது, தோள் குலுங்கியது. விழுங்கிவிட்டான். மறுபடி முயன்றான். மறுபடியும் விழுங்கினான். கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்தது. ஒரு சொட்டு வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அவன். துப்பத்தான் பார்த்தான். இதைத் துப்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்று தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். உடம்பு கேட்கவில்லை.

"இருமு" என்றாள் தங்கை.

"வரமாட்டேங்குதும்மா."

"என் பிள்ளை இருமினாள்ல. உனக்காக இருமினாள்ல. இருமு அண்ணே."

கையை மூடி அவன் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இன்னொரு குத்து. மூன்றாவது குத்தில் தாடை விலகி, உள்ளே இத்தனை காலம் போட்டு அமுக்கியதெல்லாம் ஒன்றாகப் புரண்டு கிளம்பியது. அவன் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெஷின் இல்லாமல், தெரு முழுக்கக் கேட்க இருமினான். சளி வந்தது, பின்னாலேயே ரத்தமும் வந்தது.

"போதும்மா, விடுங்க. சாம்பிள் கிடைச்சாச்சு" என்றாள் நர்ஸ்.

தங்கை அடிப்பதை நிறுத்தவில்லை.